மதுரையும் சான் ஹோசேயும் ஒரே கோட்டில்: வெப்பமண்டலக் களப்பணி ஓர் அறிமுகம்

மதுரையிலிருந்து நேர் மேற்கே, வடக்கிலோ தெற்கிலோ சாயாமல், ஒரு கோடு இழுத்துக்கொண்டே போனால் என்னென்ன வரும்? முதலில் தேனி மாவட்டம், மேற்குத் தொடர்ச்சி மலை, கொச்சி. பிறகு அரபிக் கடல். அதைத் தாண்டினால் சோமாலியா, எத்தியோப்பியா, நைஜீரியா. அட்லாண்டிக் பெருங்கடலுக்கு அந்தப் பக்கம் வெனிசுவேலா. அதற்கும் அப்பால், ஏறக்குறைய உலகின் மறுபக்கத்தில், கோஸ்டா ரிகா நாட்டின் தலைநகரான சான் ஹோசே. மதுரை, கொச்சி, சான் ஹோசே மூன்றும் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே சுமார் 9.9 பாகையில் இருக்கின்றன.

ஒரே கோடு, ஒரே உச்சி வெயில். ஆனால் மதுரையில் ஆண்டுக்குப் பெய்யும் மழை சுமார் 850 மில்லிமீட்டர். கொச்சியில் 3,000. சான் ஹோசேக்குச் சற்று வடக்கே லா செல்வா என்ற ஆராய்ச்சி நிலையத்தில் சுமார் 4,000. இங்கே ஐப்பசி மழை தவறினால் கண்மாய் வறண்டுவிடும். அங்கே துவைத்துப் போட்ட துணி காய்வதற்கே படாத பாடு.

என் அண்ணன் மகள் மதுரையில் ஒரு கல்லூரியில் தாவரவியல் படிக்கிறாள். போன மாதம் வீட்டுக்கு வந்தவள், போனில் ஒரு விளம்பரத்தைக் காட்டிக் கேட்டாள். "சித்தப்பா, வெளிநாட்டுக் காட்டுக்குப் போய்ப் படிக்கிறதுன்னு போட்டிருக்காங்களே, அது படிப்பா? இல்ல, சுத்திப் பாக்குறதா?" அவளுக்கு அன்று சொன்னதையும், சொல்ல நேரமில்லாமல் விட்டதையும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

வெப்பமண்டலம் என்ற சொல்லில் இருந்தே தொடங்க வேண்டும், ஏனென்றால் அங்கேயே பலருக்கும் தவறு நேர்கிறது. வடக்கே கடக ரேகை, தெற்கே மகர ரேகை, இரண்டும் சுமார் 23.5 பாகையில். இவற்றுக்கு இடைப்பட்ட நிலமும் கடலும்தான் வெப்பமண்டலம். மழைக்காடு அதில் ஒரு பகுதி மட்டுமே. முள்காடு, இலையுதிர்காடு, புல்வெளி, அலையாத்திக் காடு, பவளப்பாறை, கொடைக்கானல் பக்கத்துச் சோலைக்காடு எல்லாமே வெப்பமண்டலம்தான். மதுரையும் அதற்குள்ளேயே இருக்கிறது. வெப்பமண்டலத்தைப் படிக்க வெளிநாடு போக வேண்டும் என்று நினைக்கும் மதுரைப் பிள்ளை, பிறந்ததிலிருந்து அதன் நடுவில்தான் வாழ்ந்துகொண்டிருக்கிறது.

குளிர்நாடுகளில் ஆண்டின் கணக்கை வெப்பம் எழுதுகிறது. பனி விழும், உருகும், மரம் துளிர்க்கும். நம் பக்கத்தில் மார்கழிக்கும் சித்திரைக்கும் வெப்பத்தில் வித்தியாசம் இருந்தாலும் அந்த அளவுக்கு இல்லை. இங்கே கணக்கை எழுதுவது தண்ணீர். எத்தனை மாதம் மழை, எத்தனை மாதம் வறட்சி என்பதைப் பொறுத்து எந்த மரம் நிற்கும், எப்போது இலை உதிரும், எப்போது பூச்சி பெருகும், எந்தப் பறவை எப்போது கூடு கட்டும் என்பதெல்லாம் அமைகிறது. தென்மேற்குப் பருவமழையின் பெரும்பகுதியை மேற்குத் தொடர்ச்சி மலை தன் மேற்குச் சரிவிலேயே கொட்ட வைத்துவிடுவதால் மதுரை மழை மறைவில் விழுகிறது. நமக்கு முக்கியமான மழை அக்டோபர் முதல் டிசம்பர் வரை வரும் வடகிழக்குப் பருவமழைதான். அழகர்மலை, சிறுமலை, நாகமலைச் சரிவுகளில் இருக்கும் செடிகொடிகளெல்லாம் அந்தச் சில மாதங்களை வைத்து ஆண்டு முழுவதும் பிழைக்கத் தெரிந்தவை.

இந்த வறள் நிலத்தை நாம் 'பொட்டல்' என்கிறோம். அரசுப் பதிவேட்டில் பல இடங்களில் 'தரிசு'. இந்த இரண்டு சொற்கள் மீதும் எனக்கு வருத்தம் உண்டு. ஒன்றுமில்லாத இடம் என்று ஒரு நிலத்துக்குப் பெயர் வைத்துவிட்டால், அதில் எதை வேண்டுமானாலும் கொட்டலாம், தோண்டலாம் என்று ஆகிவிடுகிறது. அங்கே தேவாங்கு இருக்கிறது, எறும்புத்தின்னி இருக்கிறது, வல்லூறு இருக்கிறது என்று ஒருவர் போய் எண்ணிச் சொல்லும்வரை அது பொட்டலாகவே இருக்கும். அந்த எண்ணிச் சொல்லும் வேலைக்குப் பெயர்தான் களப்பணி.

களப்பணி கேள்வியில் தொடங்குகிறது. காட்டுக்குள் நடந்து கண்ணில் பட்டதை எல்லாம் படம் எடுப்பது நல்ல பொழுதுபோக்கு, அதில் தவறில்லை. ஆனால் கேள்வி இல்லாமல் போனால் வீடு திரும்பும்போது படங்கள் இருக்கும், விடை இருக்காது. நல்ல கேள்வி எப்படி இருக்கும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன்.

மழைக்காட்டில் ஏன் இத்தனை வகை மரங்கள்? வலுவான ஒரு மரவகை மற்றதை எல்லாம் அமுக்கிவிட்டுக் காடு முழுவதையும் ஏன் பிடித்துக்கொள்ளவில்லை? 1970-இல் டேனியல் ஜான்சன் என்பவரும், 1971-இல் ஜோசப் கானெல் என்பவரும் தனித்தனியாக ஒரே மாதிரியான விடையை முன்வைத்தார்கள். ஒரு தாய்மரத்தின் விதைகளில் பெரும்பாலானவை அதன் காலடியிலேயே விழுகின்றன. அந்த மரத்தின் விதையைத் துளைக்கும் வண்டும், கன்றை அழுகவைக்கும் பூஞ்சையும் அதே இடத்தில்தான் கூடியிருக்கும். சாப்பாடு அங்கேதானே கிடைக்கிறது! அதனால் தாய்க்கு அருகில் முளைத்த பிள்ளைகள் பெரும்பாலும் செத்துப்போகின்றன. பறவையோ வௌவாலோ தூரமாகக் கொண்டுபோய்ப் போட்ட விதைக்குப் பிழைக்கும் வாய்ப்பு அதிகம். ஒரு மரத்தின் அடியில் அதே வகை மரம் வளர முடியாவிட்டால், அந்த இடத்தில் வேறொரு வகைக்கு இடம் கிடைக்கிறது. காடு முழுவதும் இப்படியே நடந்தால் வகைகள் பெருகும்.

இது அழகான விளக்கம். ஆனால் உண்மையா? இதைக் களத்தில் சோதிக்கலாம். ஒரு மரத்தைத் தேர்ந்து, அதிலிருந்து 2 மீட்டர், 5 மீட்டர், 10 மீட்டர், 20 மீட்டர் தூரங்களில் ஒரே எண்ணிக்கையில் விதைகளை வைக்க வேண்டும். சில நாள் கழித்துப் போய் எத்தனை மிச்சம் என்று எண்ண வேண்டும். இதைப் பல மரங்களுக்குச் செய்ய வேண்டும். வேலை இவ்வளவுதான். வெப்பமண்டலக் களப் பயிற்சி முகாம்களில் மாணவர்கள் செய்யும் பயிற்சிகள் இந்த மாதிரியானவை. காலையில் ஒரு கேள்வி, பகல் முழுவதும் அளவெடுப்பு, மாலையில் கணக்கு, இரவு எல்லோர் முன்னாலும் விளக்கம். ஒரு வாரம் இப்படிப் போனதும் மாணவரே சொந்தக் கேள்வியோடு வரத் தொடங்குவார்.

கோஸ்டா ரிகாவை இதற்குத் தேடிப் போவதற்குக் காரணம் இருக்கிறது. வெப்பமண்டல ஆய்வுக்கென்று பல பல்கலைக்கழகங்கள் சேர்ந்து 1963-இல் அங்கே ஓர் அமைப்பைத் தொடங்கின. லா செல்வா நிலையத்தை அது 1968-இல் வாங்கியது. மழைக்காட்டுக்கு லா செல்வா என்றால், வறள்காட்டுக்கு அதே நாட்டின் பசிபிக் பக்கத்தில் பாலோ வெர்தே. நம் ஊர்க்காரருக்கு இந்த இரண்டில் எது கண்ணைத் திறக்கும் என்று கேட்டால், நான் பாலோ வெர்தே என்பேன். மாதக்கணக்கில் மழையில்லாமல் இலையுதிர்த்து நிற்கும் காடு அது. அழகர்மலையின் சித்திரை மாதத்தை அறிந்தவருக்கு அந்நியமாகத் தோன்றாது.

அந்த வறள்காட்டில் ஒரு வேலமரம் இருக்கிறது. நம் கருவேலத்துக்கு உறவுதான். ஆனால் அதன் முள் மாட்டுக் கொம்பு போலப் பருத்து, உள்ளே கூடாக இருக்கும். அந்தக் கூட்டில் எறும்புகள் குடியிருக்கின்றன. மரம் எறும்புக்கு வீடு தருகிறது, இலைக்காம்பில் இனிப்பான நீர் தருகிறது, இலைநுனியில் சத்துள்ள சிறு உருண்டைகளையும் தருகிறது. பதிலுக்கு எறும்பு, இலை தின்ன வரும் பூச்சியையும் ஆட்டையும் மாட்டையும் கடித்து விரட்டுகிறது. பக்கத்தில் முளைத்து நெருக்கும் கொடிகளைக்கூடக் கத்தரித்துப் போடுகிறது. மேலே சொன்ன அதே ஜான்சன் 1960-களில் மெக்சிகோவில் இதை ஆராய்ந்தார். சில மரங்களிலிருந்து எறும்பை நீக்கிவிட்டு, எறும்புள்ள மரங்களோடு ஒப்பிட்டார். எறும்பு இல்லாத மரங்களைப் பூச்சிகள் தின்று தீர்த்தன, வளர்ச்சி குன்றியது. 'எறும்பு காவல் காக்கிறது' என்று பார்த்துச் சொல்வது ஊகம். எறும்பை எடுத்துவிட்டுப் பார்ப்பது சோதனை. இந்த வித்தியாசம் ஒன்று பிடிபட்டாலே களப்பணியில் பாதி வந்துவிட்டது.

அந்தக் காட்டைப் பார்த்துவிட்டு வந்தால் வண்டியூர்க் கண்மாய்க் கரையில் நிற்கும் கருவேலத்தை முன்பு போலப் பார்க்க முடியாது. இதன் முள் ஏன் நேராக, ஒல்லியாக இருக்கிறது? இதற்கு யார் காவல்? ஆடு எப்படி இதன் காயைத் தின்கிறது, விதையை எங்கே போடுகிறது? வெளிநாட்டுக்குப் போவதன் பயன் இந்த ஒப்பீடுதான். ஒன்றை மட்டும் பார்த்தவருக்கு அது இயல்பாகத் தெரியும். இரண்டைப் பார்த்தவருக்குத்தான் இரண்டுமே கேள்வியாகும்.

இன்னொன்றும் இருக்கிறது. நம் கண்மாய்களை விழுங்கிய சீமைக்கருவேலமும், காடுகளில் புதராக மண்டிய உண்ணிச்செடியும் அமெரிக்க வெப்பமண்டலத்திலிருந்து வந்தவை. மெக்சிகோவிலிருந்து தென் அமெரிக்காவின் வடபகுதிவரை சீமைக்கருவேலம் சொந்த மண்ணின் மரம். பத்தோடு பதினொன்றாக நிற்கும் மரம். அங்கே அதைத் தின்னும் பூச்சிகளும் அதோடு போட்டியிடும் மரங்களும் கூடவே இருக்கின்றன. இங்கே வந்தபோது அந்தக் கூட்டாளிகளும் எதிரிகளும் வரவில்லை. ஒரு மரம் நல்லதா கெட்டதா என்று பொதுவாகக் கேட்க முடியாது, எந்த மண்ணில், யாரோடு நிற்கிறது என்று கேட்க வேண்டும்.

ஒப்பீட்டின் அருமையை எண்ணிக்கையிலேயே காட்டும் இடம் ஒன்று உண்டு. பனாமா நாட்டில் பாரோ கொலராடோ என்ற தீவு. முன்பு அது வெறும் குன்று. பனாமா கால்வாய்க்காக ஆற்றை மறித்து 1913-இல் ஏரி நிரம்பியபோது குன்றின் உச்சி மட்டும் தீவாக மிஞ்சியது. அங்கே 1980-களின் தொடக்கத்தில் ஸ்டீபன் ஹப்பெல், ராபின் ஃபாஸ்டர் இருவரும் 50 ஹெக்டேர், அதாவது சுமார் 124 ஏக்கர் காட்டை அளந்து, 1 சென்டிமீட்டரும் அதற்கு மேலும் தடிமன் உள்ள ஒவ்வொரு மரத்துக்கும் கன்றுக்கும் எண் பொறித்த தகடு கட்டினார்கள். தரையிலிருந்து 1.3 மீட்டர் உயரத்தில் தடிமனை அளந்து, வகையை எழுதி, வரைபடத்தில் குறித்தார்கள். ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை முழுவதையும் மறுபடி எண்ணுகிறார்கள். இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட மரங்கள். சுமார் 300 வகைகள்.

இதே முறையில் மலேசியாவின் பாசோ காட்டிலும் 50 ஹெக்டேர் அளக்கப்பட்டது. அங்கே 800-க்கும் மேற்பட்ட வகைகள். நம் தமிழ்நாட்டில், முதுமலையில், பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் ஆர். சுகுமார் குழு 1988-இல் அதே 50 ஹெக்டேரை அளந்தது. சுமார் 70 வகைகள், சுமார் 25,000 மரங்கள்.

300, 800, 70. ஒரே பரப்பு, ஒரே அளவுகோல். பாசோவில் பாரோ கொலராடோவைவிட ஆண்டு மழை குறைவு, ஆனால் நீண்ட வறண்ட பருவம் கிடையாது. பனாமாவில் டிசம்பர் நடுவிலிருந்து ஏப்ரல்வரை வறட்சி. முதுமலையில் வறட்சியோடு தீயும் யானையும் சேர்ந்துகொள்கின்றன. எனவே எவ்வளவு மழை என்பதோடு எத்தனை மாதம் மழையில்லை என்பதையும் கேட்க வேண்டும் என்று தெரிகிறது. கண்டங்களின் பழைய வரலாறும் சேர்த்துத்தான் முழு விடை. ஆனால் மூன்று இடத்திலும் ஒரே முறையில் எண்ணியிருக்காவிட்டால் இந்தக் கேள்வியைக் கேட்கவே முடியாது. 70 வகை என்பதால் முதுமலை ஏழைக் காடு என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆசிய யானைகள் பெரிய அளவில் வாழ இடம் தரும் காடு அது.

பாரோ கொலராடோ தீவு இன்னொரு பாடமும் வைத்திருக்கிறது. சுற்றிலும் நீர் சூழ்ந்தபின் பல பறவை இனங்கள் அந்தத் தீவிலிருந்து காலப்போக்கில் மறைந்துபோயின. காடு வெட்டப்படவில்லை, துண்டாக்கப்பட்டது மட்டுமே. யானைமலையை நினைத்துப் பாருங்கள். நாகமலையையும். சுற்றிலும் வயலும் வீடும் நான்குவழிச் சாலையும் சூழ்ந்த தீவுகள்தானே அவை?

இனி எண்ணும் முறைக்கு வருகிறேன். மரம் ஓடாது. விலங்கை எப்படி எண்ணுவது? ஒரு மலையடிவாரத்தில் ஒருவகை வண்ணத்துப்பூச்சி எத்தனை இருக்கிறது என்று தெரிய வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். முதல் நாள் வலையில் 40 பிடித்து, சிறகில் பேனாவால் சின்னப் புள்ளி வைத்து விட்டுவிடுகிறோம். அடுத்த நாள் மறுபடி 50 பிடிக்கிறோம். அதில் 10-க்குப் புள்ளி இருக்கிறது. அதாவது பிடித்ததில் ஐந்தில் ஒரு பங்கு நம் புள்ளி. அப்படியானால் மொத்தக் கூட்டத்திலும் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்குக்குப் புள்ளி இருக்க வேண்டும். நாம் புள்ளி வைத்தது 40. எனவே மொத்தம் சுமார் 200. எல்லாவற்றையும் பிடிக்காமலேயே எண்ணிவிட்டோம்! இதற்குச் சில நிபந்தனைகள் உண்டு. இடையில் புள்ளி அழியக் கூடாது. புள்ளி வைத்த பூச்சி பயந்து ஊரைவிட்டே போய்விடக் கூடாது. புதிதாகக் கூட்டம் வந்து சேரவும் கூடாது. இந்த நிபந்தனைகள் உடைந்தால் கணக்கும் உடையும். வனத்துறையின் அனுமதியில்லாமல் காப்புக்காட்டில் எதையும் பிடிக்கக் கூடாது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

காணவில்லை என்பதால் இல்லை என்று ஆகாது. இதை நன்றாகக் கற்றுத்தரும் விலங்கு தேவாங்கு. மதுரைக்கு வடக்கே திண்டுக்கல், கரூர் மாவட்டங்களில் கடவூர் தேவாங்கு சரணாலயம் 2022-இல் அறிவிக்கப்பட்டது. 11,806 ஹெக்டேர், இந்தியாவிலேயே தேவாங்குக்கென்று முதல் சரணாலயம். இந்த விலங்கு இரவில் மட்டும் நடமாடும், சத்தம் போடாமல் கிளை கிளையாக ஊர்ந்துபோகும். சிவப்புத் தாள் ஒட்டிய தலைவிளக்கைப் போட்டுக்கொண்டு, குறித்த பாதையில் மெதுவாக நடந்து, கண்ணில் பட்டுத் திரும்பும் ஒளியை வைத்துத்தான் எண்ணுகிறார்கள். ஒரு கிலோமீட்டர் நடந்து நான்கு கண்ணொளி தெரிந்தால் நான்குதான் இருக்கிறது என்று அர்த்தமில்லை. இலை மறைவில் எத்தனை இருந்ததோ. அதனால் எவ்வளவு தூரத்தில் தெரிந்தது என்பதையும் ஒவ்வொரு முறையும் எழுதுவார்கள். தூரம் கூடக்கூட எவ்வளவு தவறவிடுகிறோம் என்பதை அதிலிருந்து கணக்கிடலாம்.

நான் முதன்முதலில் வெளிநாட்டில் களப்பணி செய்தது இலங்கையின் சிங்கராஜாவில். இரண்டு வாரம். அட்டைக் கடிக்குக் காலுறை, மழைக்குக் குடை, பென்சில், நோட்டு. சிங்கராஜா 1988-இல் உலகப் பாரம்பரியச் சின்னமானது. 1970-களில் ஒட்டுப்பலகைக்காக அங்கே இயந்திரம் வைத்து மரம் வெட்டினார்கள். மக்கள் எதிர்ப்பால் அந்தப் பத்தாண்டின் இறுதியில் அது நின்றது. வெட்டிய பகுதியும் வெட்டாத பகுதியும் அடுத்தடுத்து இருப்பதால் ஒப்பிட்டுப் படிக்க அதைவிட நல்ல இடம் கிடைப்பது அரிது. அங்கேயும் 1993-இல் தொடங்கி 25 ஹெக்டேரில் மரங்களை எண்ணுகிறார்கள். 200-க்கும் மேற்பட்ட வகைகள்.

பறவைகள் அங்கே கலப்புக் கூட்டமாகத் திரியும். காடு அமைதியாக இருக்கும், திடீரென்று பத்துப் பதினைந்து வகைப் பறவைகள் ஒன்றாக வந்து, இலைகளைப் புரட்டிப் பூச்சி பிடித்து, கால்மணி நேரத்தில் போய்விடும். கூட்டத்தை முன்னெடுப்பவை நம் தவிட்டுக்குருவிக்கு உறவான ஒரு சிலம்பனும், ஒரு கரிச்சானும். கரிச்சான் வல்லூறைக் கண்டால் முதலில் குரல் கொடுக்கும். மற்றவை நிம்மதியாகத் தின்னும். அந்தக் கூட்டத்தை முதல்நாள் பார்த்தபோது என்னால் ஒன்றைக்கூட எழுத முடியவில்லை. பார்த்துக்கொண்டே நின்றுவிட்டேன்.

அங்கே நான் செய்த தவறு ஒன்று, தொடங்குபவர்கள் எல்லோருக்கும் பயன்படும். மரத்தடியில் முளைத்த கன்றுகளை எண்ண வேண்டும். நல்ல பெரிய மரம் ஒன்று கிடைத்தது. அதன் அடியில் ஒரு மீட்டர் சதுரமாகப் பத்துச் சதுரம் போட்டு எண்ணி, பத்து அளவு கிடைத்தது என்று மகிழ்ச்சியாகப் போனேன். வழிநடத்திய ஆசிரியை நோட்டைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இது பத்து இல்லை, ஒன்று." ஒரே மரத்தடி, ஒரே மண், ஒரே நிழல். அந்த மரத்தைப் பற்றி நன்றாகத் தெரிந்துகொண்டேன், அவ்வளவுதான். மரவகையைப் பற்றிச் சொல்ல வேண்டுமானால் பத்து மரம் வேண்டும், ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு சதுரம் போதும். அந்தப் பத்து மரத்தையும் கண்ணுக்கு அழகானதாகப் பார்த்துத் தேர்ந்தெடுக்கவும் கூடாது. பாதையில் இத்தனை அடி நடந்தபின் வரும் முதல் மரம் என்று முன்கூட்டியே சீட்டுக் குலுக்கித் தீர்மானிக்க வேண்டும். நம் கண்ணுக்கு ஆசை உண்டு. அது தனக்குப் பிடித்த விடையை நோக்கியே காலை நகர்த்தும்.

பாதுகாப்பு என்ற பக்கத்துக்கு வந்தால், உயிர்களை எண்ணுவது தொடக்கம் மட்டுமே. காட்டோரம் வாழும் மனிதர்கள் இல்லாமல் எந்தக் காடும் நிலைத்ததில்லை. கோஸ்டா ரிகாவில் மாட்டுப் பண்ணைக்காகக் காட்டை வெட்டி வெட்டி, 1980-களில் மிகக் குறைந்த அளவே மிஞ்சியது. 1996-இல் ஒரு வனச்சட்டம் கொண்டுவந்தார்கள். அடுத்த ஆண்டு முதல், காட்டை வெட்டாமல் காப்பாற்றும் நில உரிமையாளருக்கு அரசே பணம் கொடுத்தது. அந்தப் பணத்தின் ஒரு பகுதி எரிபொருள் வரியிலிருந்து வந்தது. இன்று அந்த நாட்டின் பாதிக்கும் மேல் மறுபடி காடு. இறைச்சி விலை வீழ்ச்சியும் இதற்குக் கைகொடுத்தது, சட்டம் ஒன்றால் மட்டுமே நடந்ததல்ல.

அதே நாட்டில் 1989-இல் கிராமத்து மக்களுக்குப் பூச்சி, செடி சேகரிக்கவும் வகை பிரிக்கவும் பயிற்சி கொடுத்து, அதையே சம்பள வேலையாக்கினார்கள். விவசாயியும் வீட்டு வேலை செய்த பெண்ணும் தங்கள் காட்டின் நிபுணர்கள் ஆனார்கள். இதைப் படித்தபோது எனக்கு நம் கீதாரிகள் நினைவுக்கு வந்தார்கள். கிடை போட்டு ஊர் ஊராக ஆட்டை ஓட்டிப் போகும் கீதாரிக்கு, எந்தக் கண்மாய் உள்வாயில் எந்த மாதம் எந்தப் புல் முளைக்கும் என்பது தலைமுறையாகத் தெரியும். பழனிமலைப் பளியருக்குத் தேனும் கிழங்கும் அதேபோல. களப்பணிக்குப் போகும் பிள்ளை முதலில் உட்கார்ந்து கேட்க வேண்டியது இவர்களிடம்தான். கேட்டதை எழுதும்போது யார் சொன்னது என்றும் எழுத வேண்டும், அவர்கள் சம்மதித்தால்.

வெளியிலிருந்து வந்து, மாதிரிகளை அள்ளிக்கொண்டு போய், ஊர்க்காரருக்கு ஒரு வார்த்தைகூடத் திருப்பிச் சொல்லாத ஆராய்ச்சி வெப்பமண்டல நாடுகளில் நெடுங்காலம் நடந்தது. அதைத் தடுக்கத்தான் இந்தியாவில் 2002-இல் பல்லுயிர்ச் சட்டம் வந்தது, 2003-இல் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு தேசியப் பல்லுயிர் ஆணையம் அமைந்தது. வெளிநாட்டவர் இங்கே உயிரின மாதிரி எடுக்க அதன் முன்அனுமதி வேண்டும். இதே மாதிரிச் சட்டம் கோஸ்டா ரிகாவிலும் 1998 முதல் இருக்கிறது. அங்கே போகும்போது நாம்தான் வெளியாள். ஓர் இலையைக்கூடப் புத்தகத்துக்குள் வைத்துக் கொண்டுவரக் கூடாது.

மதுரைக்கு அருகில் இதையெல்லாம் ஒரே இடத்தில் காட்டும் ஊர் அரிட்டாபட்டி. ஏழு குன்றுகள், ஏரிகள், ஊற்றுகள், குடைவரைக் கோயில், சமணர் படுக்கை, தமிழி எழுத்து. அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் ஊர்களில் சுமார் 193 ஹெக்டேர் நிலம் 2022-இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் மரபுத் தலமாக அறிவிக்கப்பட்டது. 2024 நவம்பரில் அந்தப் பகுதியை உள்ளடக்கி டங்ஸ்டன் சுரங்க ஏலம் நடந்தபோது மேலூர் வட்டார மக்கள் தெருவில் இறங்கினார்கள். 2025 ஜனவரியில் ஏலம் ரத்தானது. அங்கே என்னென்ன பறவை இருக்கிறது என்று முன்பே ஆண்டுக்கணக்கில் பார்த்து எழுதி வைத்தவர்கள் இருந்ததால்தான் 'அது வெறும் பாறை' என்று எவராலும் சொல்ல முடியவில்லை.

சரி, போவதற்கு வழி? சுருக்கமாகச் சொல்கிறேன். இந்தியாவிலேயே தொடங்குவது நல்லது. மயிலாடுதுறை அருகே மன்னம்பந்தலில் ஏ.வி.சி. கல்லூரியில் வனவிலங்கு உயிரியல் படிக்கலாம். பெங்களூரு தேசிய உயிரியல் அறிவியல் மையத்திலும் டேராடூன் இந்திய வனவிலங்கு நிறுவனத்திலும் முதுநிலைப் படிப்பு இருக்கிறது. ஒரு களத்திட்டத்தில் உதவியாளராகச் சில மாதம் வேலை பார்த்தவருக்கு வெளிநாட்டு வாசல் எளிதாகத் திறக்கும். அங்கே கேட்கும் முதல் கேள்வி மதிப்பெண்ணைப் பற்றி இருக்காது, எத்தனை நாள் களத்தில் இருந்தீர்கள் என்பதாகவே இருக்கும். செலவு பெரியது. ஐரோப்பிய நாடுகளின் ஈராஸ்மஸ் முண்டஸ் உதவித்தொகையும், சொந்தமாகச் சிறு பாதுகாப்புத் திட்டம் நடத்த ரஃபர்ட் அறக்கட்டளையின் நிதியும் விண்ணப்பிக்கத் தக்கவை.

லட்சக்கணக்கில் பணம் வாங்கிக்கொண்டு, குட்டி விலங்கைத் தூக்கிக் கொஞ்சிப் படம் எடுக்க வைத்து, அதைப் 'பாதுகாப்புப் பயிற்சி' என்று விற்பவர்களும் இருக்கிறார்கள். என் அண்ணன் மகள் காட்டிய விளம்பரம் அப்படிப்பட்டதுதான். அங்கே சேகரிக்கும் தரவு யாரிடம் போகிறது, அந்த நாட்டு மாணவர்கள் எத்தனை பேர் கூடப் படிக்கிறார்கள், ஆராய்ச்சி அனுமதி யார் பெயரில் இருக்கிறது என்று மூன்று கேள்வி எழுதி அனுப்பச் சொன்னேன். பதில் வரவில்லை.

உடல்நலத்தில் ஒன்று மட்டும் மறக்கக் கூடாது. உகாண்டா, கென்யா, பிரேசில் போன்ற நாடுகளுக்குப் போவதானால் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி வேண்டும். அரசு குறிப்பிட்ட மையங்களில்தான் போடுவார்கள், புறப்படுவதற்குப் பத்து நாளாவது முன்னால். சான்றிதழ் இல்லாமல் திரும்பி வந்தால் நம் விமான நிலையத்திலேயே தனிமைப்படுத்துவார்கள்.

அண்ணன் மகளுக்கு இப்போதைக்கு வெளிநாட்டுப் பயணம் இல்லை. அதற்குப் பதிலாக ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டிருக்கிறாள். சீமைக்கருவேலத்தின் அடியிலும் கருவேலத்தின் அடியிலும் முளைக்கும் செடிவகைகளின் எண்ணிக்கை ஒன்றா, வேறா? வகைக்குப் பத்து மரம், மரத்துக்கு ஒரு சதுரம். மழைக்கு முன் ஒருமுறை, மழைக்குப் பின் ஒருமுறை. நாகமலை அடிவாரத்தில் ஒரு கண்மாய்க் கரைக்குப் போன ஞாயிற்றுக்கிழமை நானும் கூடப் போனேன். கரையில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவரிடம் என்ன செய்யப்போகிறோம் என்று சொல்லிவிட்டு, நான்கு குச்சியை நட்டு நூலைக் கட்டினோம். முதல் சதுரத்திலேயே அவளுக்குச் சிக்கல் வந்துவிட்டது.

"சித்தப்பா, இந்தச் செடி நூலு மேலயே நிக்குது. உள்ள சேக்கவா, வெளிய விடவா?"

"வேர் எந்தப் பக்கம் இருக்குன்னு பாரும்மா."

"வேரும் நூலுக்கு நேர் கீழதான் இருக்கு."

அதற்கும் ஒரு விதி உண்டு. இடது பக்க நூலிலும் கீழ்ப்பக்க நூலிலும் பட்டதைச் சேர்த்துக்கொள், வலதிலும் மேலேயும் பட்டதை விட்டுவிடு, இருபது சதுரத்திலும் இதை மாற்றாதே என்றேன். அவள் நோட்டின் முதல் பக்கத்தில் தேதி, நேரம், மேகம் எவ்வளவு என்று எழுதி, அதற்குக் கீழே அந்த விதியையும் எழுதிக்கொண்டாள். பிறகு குனிந்து எண்ணத் தொடங்கினாள். அருகு ஒன்று, கோரை மூன்று, பெயர் தெரியாதது ஒன்று. பெயர் தெரியாததைக் காட்டி ஆட்டுக்காரப் பெரியவரிடம் கேட்கப் போனாள்.